கிட்டுயியில் ஒரு குழந்தைகள் இல்லம்: காட்டையும் கணக்கையும் பார்த்து எழுதியது

கென்யாவின் தலைநகரான நைரோபிக்குக் கிழக்கே சில மணி நேரச் சாலைப் பயணத்தில், கிட்டுயி மாவட்டத்தின் வறண்ட மேட்டு நிலத்தில், ஆதரவற்ற பிள்ளைகளை வளர்க்கும் ஓர் இல்லம் இருக்கிறது. முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்ற பயணிகள் அங்குள்ள விருந்தினர் குடிலில் தங்கி, இல்லத்தின் பண்ணையைச் சுற்றிப் பார்க்கலாம். தன் நிலத்தில் விளைவதைக் கொண்டே தன்னை நடத்திக்கொள்ளும் இல்லம் என்று அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறது. அந்தச் சொல் எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்பதே இந்த மதிப்புரையின் வேலை. பிள்ளைகள் எவ்வளவு அழகாகச் சிரித்தார்கள், எப்படிக் கையைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதைப் பற்றி இதில் ஒன்றும் இராது. இல்லத்தின் பெயரையும் எழுதவில்லை. பெயர் பரவினால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் பிள்ளைகள் காட்சிப்பொருளாகிவிடுவார்கள் என்று நிர்வாகத்தினர் கேட்டுக்கொண்டார்கள்; அது எனக்கும் சரியாகவே பட்டது.

இதே கிட்டுயி மாவட்டத்தில் உலகறிந்த நியும்பானி கிராமம் உள்ளது. ஏஞ்சலோ டி'அகொஸ்டினோ என்ற இயேசு சபைப் பாதிரியார் 1992-இல் நைரோபியில் எச்.ஐ.வி. பாதித்த குழந்தைகளுக்காகத் தொடங்கிய இல்லத்தின் தொடர்ச்சியாக, நடுத்தலைமுறையை நோய்க்கு இழந்துவிட்ட பாட்டி, தாத்தாக்களையும் பேரப்பிள்ளைகளையும் ஒரே கூரையின் கீழ் குடியமர்த்தி, 1000 ஏக்கரில் மரமும் பயிரும் வளர்க்கும் முயற்சி அது. நான் பார்த்தது அதுவன்று. அதைவிட மிகச் சிறியது. ஆனால் பாட்டியின் பொறுப்பில் பிள்ளைகள் வளர வேண்டும், நிலம் சோறு போட வேண்டும் என்ற இரண்டு எண்ணங்களும் இங்கேயும் அடிப்படையாக இருக்கின்றன.

காங்கயத்துக்குத் தெற்கே மானாவாரிக் காடும் ஒரு கிணற்றுத் தோட்டமும் வைத்திருப்பவன் நான். நைரோபியில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் அழைத்ததால் கென்யா போயிருந்தேன். சிங்கமும் யானையும் பார்த்த பிறகு, விவசாயியான சித்தப்பாவுக்குப் பிடிக்கும் என்று அவன் சேர்த்துவைத்த இடம் இது. இறங்கியதும் நிலம் அன்னியமாகத் தெரியவில்லை. வெள்வேலின் உறவான வேல மரங்கள், கிளுவை இனத்தைச் சேர்ந்த முள்வேலி, காய்ந்து நின்ற கொழுக்கட்டைப் புல் என்று நம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் இருக்கும் மூன்றும் அங்கே பக்கம் பக்கமாக நின்றன. கொழுக்கட்டைப் புல்லுக்கு ஆப்பிரிக்காவும் தாய்நிலம் என்று படித்திருக்கிறேன். மேய்ச்சல் நிலம் கெட்டுப்போன இடங்களில் அதே புல்லைத்தான் அவர்கள் விதைத்து மீட்கிறார்கள். மழையும் அப்படியே. ஆண்டுக்கு இரண்டு பருவம் பெய்தாலும், மார்ச்சு முதல் மே வரையிலான மழையை நம்ப முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையே விதைப்புக்கு ஆதாரம். ஐப்பசி மழையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் எவருக்கும் அந்த ஊர் விவசாயியின் கவலையை விளக்கத் தேவையில்லை.

இந்த இல்லத்தில் பார்க்க வேண்டியவற்றில் முதலாவது அதன் மணல் அணை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓர் ஓடையின் குறுக்கே, அடியில் பாறை தென்படும் இடமாகப் பார்த்து, கல்லும் சிமெண்டும் கொண்டு ஆள் உயரத்துக்குச் சற்றுக் கூடுதலான சுவர் எழுப்பியிருக்கிறார்கள். வெள்ளம் வரும்போது கனமான பருமணல் சுவருக்குப் பின்னால் தங்கிவிட, நுண்ணிய வண்டல் தண்ணீரோடு சுவரைத் தாண்டிப் போய்விடுகிறது. சில பருவங்களில் சுவரின் விளிம்பு வரை மணல் நிறைந்ததும் அணை முழுமை பெறுகிறது. பார்ப்பவருக்கு அது வெறும் மணல் திட்டு. உள்ளே, மணலின் கன அளவில் கால் பங்குக்கும் மேல் நீர் நிற்கிறது. வெயில் அதை எளிதில் குடிப்பதில்லை, மாடு இறங்கிக் கலக்குவதில்லை, மலேரியா உள்ள நாட்டில் கொசு முட்டையிட நீர்ப்பரப்பும் கிடைப்பதில்லை. கரையில் வெட்டிய கிணற்றுக்கு மணல் வழியே வடிந்து வரும் நீரைக் கைப்பம்பால் இறைக்கிறார்கள்.

நம் ஊரில் தடுப்பணையில் மணல் சேர்ந்தால் தூர் வாரச் சொல்லி மனு எழுதுவோம். அங்கே மணல் சேர்வதற்காகவே அணை கட்டுகிறார்கள். கிட்டுயி மாவட்டம் முழுவதும் இத்தகைய அணைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. கோடையில் அமராவதிப் படுகையில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பிய தலைமுறைக்கு இதன் இயல்பு உடனே புரியும். ஆற்று மணலை லாரியில் ஏற்றியவர்கள் மணலோடு சேர்த்து எதை ஏற்றினார்கள் என்பதும் அங்கே நின்றால் புரியும். ஆனாலும் எல்லாப் பள்ளத்திலும் இதைக் கட்டிவிட முடியாது. அடியில் பாறை இருக்க வேண்டும், ஓடை கொண்டுவருவது பருமணலாக இருக்க வேண்டும். களிமண் கலந்து வரும் ஓடையில் கட்டினால் சேறு நிறையுமே தவிர நீர் கிடைக்காது. இல்லத்தாரே வேறோர் ஓடையில் கட்டி, அது வண்டல் நிறைந்து பயனற்றுப் போனதை மறைக்காமல் அழைத்துச் சென்று காட்டினார்கள். இந்த ஒளிவின்மைக்காகவே அவர்கள் சொன்ன மற்றவற்றையும் நம்பத் தோன்றியது.

அடுத்தது மரம். முக்காவு என்று அந்தப் பகுதியின் கம்பா மக்கள் அழைக்கும் மரத்தைப் பெரிய அளவில் நட்டிருக்கிறார்கள். நம் மலைவேம்பின் நெருங்கிய உறவு அது. இலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கரையான் எளிதில் அரிக்காத உறுதியான பலகை கிடைப்பதால் நல்ல விலை உண்டு. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியின் ஊக்கத்தால் நம் பக்கம் மலைவேம்பு நட்டவர்கள், சொட்டுநீரும் விட்டு, ஆறேழு ஆண்டுகளில் ஒட்டுப்பலகைக்கோ காகித ஆலைக்கோ வெட்டிவிடுகிறார்கள். அங்கே தண்ணீர் விடுவது முதல் ஓராண்டோடு சரி; வெட்டுக்கு வரப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. விதையை முளைக்க வைப்பதுதான் பெரிய வேலை. கல்லைப் போன்ற கொட்டையை உடைத்து, உள்ளிருக்கும் விதை நசுங்காமல் எடுத்து, அதன் தோலைக் கத்தி நுனியால் கீறி, ஊறவைத்த பிறகே மணலில் ஊன்றுகிறார்கள். கென்ய வன ஆராய்ச்சி நிறுவனம் கிட்டுயி நிலையத்தில் பல்லாண்டுகள் உழைத்துப் பரப்பிய முறை இது. நாற்றுப் பண்ணையில் இந்த வேலையைச் செய்யும் பாட்டிமார்களின் கைவேகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. நாற்று விற்பனையே இல்லத்துக்கு ஆண்டுதோறும் வரும் ரொக்கம்; மரம், பிள்ளைகளின் மேற்படிப்புக்கான நெடுங்கால வைப்புநிதி.

மரங்களுக்கு இடையில் முதல் சில ஆண்டுகள் பச்சைப்பயறும் தட்டைப்பயறும் விதைக்கிறார்கள். தனிக்காட்டில் துவரை, சோளம், கம்பு. மக்காச்சோளமும் உண்டு, மூன்று பருவத்துக்கு ஒன்று காய்ந்துபோகும் என்று தெரிந்தே போடுகிறார்கள், ஏனெனில் பிள்ளைகளுக்கு அதன் மாவில் கிண்டும் உகாலிக் களி இல்லாமல் சோறு இறங்குவதில்லை. கம்பங்களியை விட்டுவிட்டு ரேஷன் அரிசிக்கு மாறிய நாம் அதைக் குறைசொல்ல முடியாது. விருந்தினருக்கும் அதே சமையல்தான். தோல் நீக்கிய மக்காச்சோளத்தைத் துவரையோடு வேகவைத்த முத்தொக்கோய், கீரைப் பொரியல், காலையில் சப்பாத்தியும் பாலில் கொதித்த தேநீரும் கிடைக்கும். உப்பும் காரமும் நம் நாக்குக்கு மிகக் குறைவு. ஊறுகாய்ப் புட்டி ஒன்றைக் கொண்டுபோனால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சமையலறை அடுப்புகளில் ஒரு பகுதி சாண எரிவாயுவில் எரிகிறது. கட்டடங்களின் சுவர், அந்த இடத்து மண்ணுடன் சிறிதளவு சிமெண்டு கலந்து கையால் இயக்கும் அச்சில் அழுத்திய சுடாத கற்களால் ஆனது. விளக்குக்குச் சூரியத் தகடு. இவை எல்லாம் நம் ஊரிலும் நாம் அறிந்தவையே.

ஆட்டு மந்தையைப் பற்றி மட்டும் ஒரு குறை. இவ்வளவு அக்கறையோடு நிலத்தைப் பேணுகிறவர்கள், ஆடுகளை ஒரே திறந்த வெளியில் ஆண்டு முழுவதும் மேயவிட்டு, புல் விதை கட்டுவதற்கே இடம் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். கொரங்காட்டைக் கிளுவை வேலியால் துண்டு துண்டாகத் தடுத்து, ஒன்றில் மேய்ச்சல் நடக்கும்போது மற்றதை ஓய்வில் விடும் நம் முறையைப் படம் வரைந்து விளக்கினேன். வேலிக்கான செடி அவர்களிடமே இருக்கிறது, அதன் கிளையைப் போத்தாக வெட்டி நட்டால் போதும். பொறுப்பாளர் அந்தப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டார். செய்வாரா என்பதை அடுத்து போகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி கணக்கு. வாயிலில் உள்ள பலகை முழுத் தன்னிறைவு என்று பொருள்படும்படி அறிவிக்கிறது. அலுவலகத்தில் பேரேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டபோது தயங்காமல் எடுத்து வைத்தார்கள். உணவு, எரிபொருள், கட்டடப் பழுது ஆகியவற்றுக்கு வெளியிலிருந்து பெரும்பாலும் ஒன்றும் வருவதில்லை என்பது உண்மை. மேல்நிலைப் பள்ளிக் கட்டணம், மருத்துவம், பணியாளர் சம்பளம் ஆகிய மூன்றும் இன்றும் வெளிநாட்டு நன்கொடையில்தான் நடக்கின்றன. மழை தவறும் ஆண்டில் தானியமும் வாங்க வேண்டியிருக்கிறது. எனவே பலகையில் உள்ள சொல் கொஞ்சம் பெரிது; சோற்றுக்குத் தன்னிறைவு, படிப்புக்குப் பிறர் உதவி என்று எழுதியிருந்தால் பொருந்தும். வறண்ட நிலத்தில் அதுவே அரிய சாதனை என்பதால், மிகைப்படுத்தாமலேயே அவர்கள் தலைநிமிரலாம்.

பிள்ளைகளை நான் ஏறக்குறைய பார்க்கவே இல்லை என்பதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். பகலில் அவர்கள் ஊர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். மாலையில் அவர்கள் வீடுகள் இருக்கும் பகுதிக்குள் விருந்தினருக்கு அனுமதி இல்லை. படம் எடுக்கக் கூடாது, இனிப்பும் பொம்மையும் கொண்டுவந்து கையில் கொடுக்கக் கூடாது, ஓரிரு வாரம் வந்து பாடம் நடத்துகிறேன் என்று கேட்கக் கூடாது. எங்களோடு வந்திருந்த ஐரோப்பியத் தம்பதியர் பை நிறையப் பொம்மைகளோடு வந்து, அவற்றை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு முகம் வாடிப் போனார்கள். அண்ணன் மகனும், "சித்தப்பா, ஒரு உண்டியல்கூட வெக்கலீங்களே" என்று வியந்தான். பணம் கொடுக்க விரும்புகிறவர்கள் நாற்றோ தேனோ கூடையோ வாங்கலாம்; அதற்கு மேல் கொடுத்தால் ரசீது உண்டு, பாராட்டு விழா இல்லை. இந்த இல்லத்துக்கு நான் கொடுக்கும் முழு மதிப்பெண் இந்த விதிகளுக்குத்தான்.

நம் பக்கத்தில் பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் இல்லங்களில் மதியச் சோறு போடுவது நல்ல எண்ணத்தில் எழுந்த வழக்கம். ஆனால் சோற்றுக்கு முன்னால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, முன்பின் அறியாத ஒருவருக்காக வாழ்த்துப் பாடவைத்து, பதாகையோடு படம் எடுத்து, மறுநாள் கைப்பேசியில் சுற்றவிடுவதைக் கோவையிலும் ஈரோட்டிலும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். பராமரிப்பில் உள்ள பிள்ளைகளின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவில் தடுக்கிறது என்பதைப் படம் எடுக்கிறவர்களும் அறிவதில்லை, எடுக்கவிடுகிறவர்களும் நினைவூட்டுவதில்லை.

பயணிகளின் இரக்கமே இல்லங்களைப் பெருக்கிவிடும் என்பதற்குக் கம்போடியா சான்று. 2005 முதல் 2010 வரையிலான ஐந்தாண்டுகளில் அங்கே இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. அவற்றில் இருந்த பிள்ளைகளில் நால்வருக்கு மூவர் என்ற அளவில் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள் என்று யுனிசெஃப் துணையோடு நடந்த ஆய்வு 2011-இல் காட்டியது. வறுமையால் பெற்றோர் அனுப்பிய பிள்ளைகளைப் பார்த்து அயல்நாட்டார் கண்கலங்கிப் பணம் கொடுக்க, அந்தப் பணத்துக்காக மேலும் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். கென்யாவும் இதை உணர்ந்து 2017-இல் புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தியது. 2022-இல், பத்தாண்டுக்குள் பிள்ளைகளைக் குடும்பப் பராமரிப்புக்குத் திருப்பும் தேசியத் திட்டத்தை வெளியிட்டது. நான் போன இல்லத்தில் அதன் விளைவைக் கண்ணால் காண முடிந்தது. படுக்கைகளில் பல காலி. பாட்டியோ அத்தையோ வளர்க்க முன்வந்தால், பிள்ளையோடு இரண்டு ஆடுகள், ஒரு சாக்குத் துவரை விதை, நாற்பது ஐம்பது முக்காவு நாற்றுகள் ஆகியவற்றையும் சேர்த்து அனுப்பி, பள்ளிக் கட்டணத்தை இல்லமே தொடர்ந்து கட்டுகிறது. இப்படியே போனால் சில ஆண்டுகளில் இல்லம் என்ற பெயர் போய், சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்கான பண்ணை மையமாக மட்டும் நிற்கும் என்று பொறுப்பாளர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இல்லை.

தன் உழைப்பால் நடக்கும் இல்லம் என்று கேள்விப்பட்டதும், யாருடைய உழைப்பு என்ற கேள்வி கொங்கு நாட்டுக்காரனுக்கு எழாமல் இராது. மூன்றாண்டு தங்கி வேலை செய்தால் திருமணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, பயிற்சி என்ற பெயரில் இளம்பெண்களை நூற்பாலை விடுதிகளில் அடைத்துவைத்த சுமங்கலித் திட்டம் நடந்த மண் நம்முடையது. ஆகவே இதைத்தான் மிகவும் துருவிக் கேட்டேன். நிலத்து வேலை முழுவதும் கூலிக்கு வரும் ஊர் ஆட்களாலும், இல்லத்தில் வாழும் பாட்டிமார்களாலும் நடக்கிறது. பாட்டிமாருக்கு நாற்று விற்பனையில் பங்கு உண்டு. பங்கு எழுதிய ஏட்டில் அவர்களின் கைரேகையைக் கண்டேன். பெரிய பிள்ளைகள் சனிக்கிழமை முற்பகலில் தங்கள் வீட்டுக்கென்று ஒதுக்கிய காய்கறிப் பாத்தியில் மட்டும் வேலை செய்கிறார்கள். அந்தக் காய்கறி விற்பனைக்குப் போவதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையில் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுவதைவிட இது கூடுதல் இல்லை.

திருப்தி தராத பதில் ஒன்று உண்டு. பதினெட்டு வயது நிரம்பி வெளியேறியவர்கள் இன்று எங்கே, என்ன செய்கிறார்கள் என்பதற்கு ஒழுங்கான பதிவேடு இல்லை. ஒருவர் ஆசிரியர், ஒருவர் மொம்பாசாவில் தச்சர், ஒருவர் இங்கேயே மேற்பார்வையாளர் என்று நினைவிலிருந்து சொல்கிறார்கள். எத்தனை மரம் எந்த ஆண்டு நட்டது என்பதை எண் போட்டு வைத்திருப்பவர்கள், அங்கே வளர்ந்து போன பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல ஏடு வைத்திருக்க வேண்டும். நான் குறைத்த மதிப்பெண் பெரும்பாலும் இதற்காகவே.

விற்பனை அறையில் கிடைக்கும் பொருள்களில் கியோண்டோ கூடை சிறந்தது. கற்றாழை நாரை முறுக்கிப் பின்னிய அந்தக் கூடையின் அடிப்பாகம் இறுக்கமாகவும் விளிம்பு ஒரே சீராகவும் இருக்கிறது. தோல் வார் வைத்தது விலை கூடுதல், வார் இல்லாததே அழகு. வேலங்காட்டுத் தேன் சுவையானது, ஆனால் புட்டியில் எடுத்த மாதமும் இல்லை, விலையும் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு விலை சொல்கிறார்களோ என்ற ஐயத்தை அது கிளப்புகிறது. முக்காவு விதையை நம் காட்டில் ஊன்றிப் பார்க்க எனக்கும் ஆசைதான். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதையை இந்தியாவுக்குள் கொண்டுவருவது 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி குற்றம் என்பதால், விவசாயிகள் யாரும் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம்.

குடில் எளிமையானது. கொசுவலை கிழிசல் இல்லாமல் இருந்தது, கழிப்பறை சுத்தம், குளிக்க ஒரு வாளித் தண்ணீர்தான்; அணையைப் பார்த்த பிறகு இரண்டாவது வாளி கேட்க மனம் வராது. தங்குவதற்கும் உணவுக்கும் இல்லம் வாங்கும் தொகை நியாயமானது. நைரோபியிலிருந்து அழைத்துப் போகும் முகவர்கள் சிலர் அதன் மேல் இரண்டு பங்கு ஏற்றிச் சொல்கிறார்கள் என்பதால், இல்லத்தோடு நேரில் எழுதிப் பேசிக்கொண்டு, வண்டியை மட்டும் தனியாக அமர்த்துவது மேல்.

கென்யாவுக்கு 2024 சனவரி முதல் விசாவுக்குப் பதில் இணையவழிப் பயண அனுமதி வாங்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னதாகவே போட்டு, சான்றை இந்தியா திரும்பும் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இங்கே இறங்கியதும் தனிமைப்படுத்திவிடுவார்கள். பிளாஸ்டிக் பைகளுக்கு அந்நாட்டில் 2017 முதல் தடை, ஆகவே முறுக்கையும் ஊறுகாயையும் துணிப்பையில் கட்டிக்கொள்ளுங்கள். மணல் அணையின் அருமை தெரிய வேண்டுமானால் எல்லாம் காய்ந்து கிடக்கும் செப்டம்பரில் போகலாம். விதைப்பையும் நாற்று நடவையும் பார்க்க வேண்டுமானால் நவம்பர் நல்லது. நவம்பரில் கடைசிச் சில கிலோமீட்டர் மண்சாலை சேறாகிவிடும் என்பதால் சாதாரணக் காரில் போகாமல் உயரமான வண்டியாகக் கேட்டு வாங்குங்கள்.